வெள்ளோட்டம் விடாத விஜயதசமி

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால் ‘கம்ப்யூட்டர் வேலை’ என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். புனேயில் அந்த ஒரு பதில் போதும், மேற்கொண்டு யாரும் துருவ மாட்டார்கள். என் அம்மாவுக்கு மட்டும் அது போதவில்லை. “கம்ப்யூட்டர்ல என்னத்தப் பண்ணுத?” என்று வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருநாள் எரிச்சலில், “ஒரு மெஷின் என்ன செய்யாதுன்னு சொல்லுததுதாம்மா என் வேல” என்றேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். “உங்கப்பா என்ன செய்ய மாட்டாருன்னு நாங்கூடத்தான் சொல்லுவேன். எனக்கு எவன் சம்பளம் குடுத்தான்?” என்றாள்.

வேடிக்கையாகச் சொன்னாலும் விஷயம் அதேதான். ஒரு இயந்திரத்தின் எடை, விசை, உராய்வு எல்லாம் தெரிந்தால் அது எங்கே போகும், எங்கே போகாது என்று காகிதத்திலேயே கணக்குப் போட்டுவிடலாம். இப்போது வருகிறவை அப்படியில்லை. இரும்பு ஒரு கம்பெனியுடையது, அதை ஆட்டுகிற பெட்டி இன்னொரு கம்பெனியுடையது, பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால் சொல்ல மாட்டார்கள். அப்போது செய்வதற்கு ஒன்றுதான் உண்டு. ஓடவிட்டு, ஒவ்வொரு அசைவையும் பதிவு செய்து, எங்கே தொடங்கியது எங்கே போனது என்று ஆயிரக்கணக்கில் சேர்த்து, அதிலிருந்து ஒரு எல்லையை வரைவது. இந்த எல்லையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு, அதையும் போட்டுக் கொடுப்பது.

எங்கள் சொசைட்டி வாசலில் வாட்ச்மேன் ஒரு நாயைக் கட்டிப்போட்டிருப்பார். சங்கிலி எவ்வளவு நீளம் என்று யாரும் அளந்ததில்லை. நாயைச் சுற்றிப் புல் தேய்ந்து மண் தெரிகிற வட்டத்தைப் பார்த்தே, எதுவரை போகலாம் என்று பால்காரர் வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். அந்த வட்டத்தை வரைந்து ‘இதைத் தாண்டாது’ என்று கையெழுத்துப் போடுவதுதான் நான் செய்வது. நாய் இதுவரை ஒரு பூனையைக்கூட முழு வேகத்தில் துரத்தியதில்லை என்றால் அந்த வட்டம் சும்மா. அதையும் தெரிந்து வைத்திருக்கத்தான் எனக்குச் சம்பளம்.

அப்பா லோஹேகாவ் விமானப்படை நிலையத்தில் வேலை பார்த்தவர். அவர் போன பிறகு, சிஞ்ச்வட்டில் அவர் வாங்கிய ஃபிளாட்டில் அம்மா, நான், தம்பி மூன்று பேரும் இருக்கிறோம். எனக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்பவர்கள் அம்மாவைக் கேட்டுக்கொள்ளலாம், நிறையச் சொல்லுவாள். தம்பி என்னைவிட ரொம்பச் சின்னவன். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் கான்ட்ராக்டில் இருந்தான். சில மாதத்துக்கு ஒருமுறை நிறுத்துவார்கள், ஒரு வாரம் வீட்டில் உட்கார்ந்திருப்பான், பிறகு புதுச் சீட்டு கொடுத்துக் கூப்பிடுவார்கள். பெர்மனென்ட் ஆக வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு ஆசை கிடையாது. தேஹு ரோட்டில் ஒரு தமிழ்க் குடும்பம் பெண் தரத் தயாராக இருந்தது, அவர்களும் இதையேதான் சொல்லியிருந்தார்கள்.

அந்தத் தொழிற்சாலையின் வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. அங்கே ஒரு பழைய இரும்புக் கை. கியர்பாக்ஸ் கூடு ஒன்றை ஒரு பக்கத்திலிருந்து தூக்கி, திரும்பி, மறுபக்கத்து மேஜையில் வைக்கும். தும்பிக்கை மாதிரி இருப்பதால் எல்லோரும் அதை ‘ஹத்தி’ என்பார்கள், மராத்தியில் யானை. அதற்குப் புதிதாகக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்று மாட்டியிருந்தார்கள். ஹத்தியைச் சுற்றி ஆளுயரத்துக்குக் கம்பிக் கூண்டு. ஒவ்வொரு கூடு வரும்போதும் கை நின்று, கூண்டின் கதவு திறந்த பிறகுதான் ஆள் உள்ளே போகலாம். அதில் நேரம் போகிறதாம். கூண்டை எடுத்துவிட்டுத் தரையில் ஒரு மஞ்சள் கோடு போட வேண்டும், ஆள் கோட்டை ஒட்டி நின்று கூட்டைக் கையில் வாங்கி வளையம் பொருத்துவான். கை அந்தக் கோட்டைத் தாண்டாது என்று நாங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். கோட்டை ஒட்டி நிற்கப் போகிற ஆள் என் தம்பி. அந்த இடத்தில் நிற்பவனை பெர்மனென்ட் ஆக்குவதாக மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார்.

தம்பி விஷயத்தை முதல் நாளே என் பாஸிடம் சொன்னேன். வேறு ஆளைப் போடுவார் என்று நினைத்தேன். “நல்லதாப் போச்சு, ரெண்டு மடங்கு கவனமா இருப்பீங்க” என்றார்.

கோட்டை மட்டும் முதலிலேயே கூண்டுக்குள் போட்டுவிட்டு, மழைக்காலம் முழுவதும் பதிவு செய்தோம். காலை ஷிப்ட், மதிய ஷிப்ட், இரவு ஷிப்ட், கனமான கூடு, லேசான கூடு, மின்சாரம் ஏறி இறங்குகிற நேரம், எதையும் விடவில்லை. கை ஒருதடவைகூடக் கோட்டுப் பக்கம் வரவில்லை. நான் வரைந்த எல்லைக்கும் மஞ்சள் கோட்டுக்கும் நடுவில் தாராளமாக இடம் இருந்தது. நம்பிக்கைக் கணக்கும் அழகாக வந்தது. அறிக்கை தயார், என் கையெழுத்து மட்டும் பாக்கி. நவராத்திரி தொடங்கியிருந்தது, தசராவுக்குள் கொடுத்துவிடுங்கள் என்று தொழிற்சாலையிலிருந்து இரண்டு பேர் மாற்றி மாற்றி போன் செய்தார்கள்.

அந்த வாரத்தில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தம்பிக்கு வாயெல்லாம் பல்.

“ஏம்மா, தசரா அன்னிக்கு முஹூர்த்தம் நம்ம ஹத்திலதான். மொதலாளியோட அம்மா தேங்கா ஒடச்சு பட்டன அமுக்குவாங்க. மொத பீஸ நாந்தான் கையில வாங்கப் போறேன். மாலையெல்லாம் போடுவாங்களாம்.”

“புதுச்சட்ட எடுத்துக்கிடு” என்றாள் அம்மா.

எனக்கு ஒன்று உறைத்தது. எங்கள் வீட்டு ஆயுத பூஜை மாதிரி அங்கே கண்டேநவமி. முதல் நாள் மெயினையே அணைத்து, துடைத்து, பூஜை போட்டு, மறுநாள் காலைதான் ஓட்டுவார்கள்.

“தசரா அன்னிக்கு வெள்ளோட்டம் விடுவாங்களாலே?” என்று கேட்டேன்.

கை நின்று தொடங்கும்போதெல்லாம் கூடு இல்லாமல் வெறுமனே கொஞ்ச நேரம் ஆட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்கள். மின்சாரம் போய் வந்தாலும் அப்படித்தான். நாங்கள் பதிவு செய்வதும் அதற்குப் பிறகுதான்.

தம்பி என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். “அரே, நல்ல நாளும் அதுவுமா யாராவது காலியா ஓட்டுவாங்களா? மொத அசைவே வேலையா இருக்கணும். வருஷம் பூரா கை காலியா இருக்கும்லா.”

மழைக்காலம் முழுக்க நான் பார்த்தது சூடேறிய கையை மட்டும்தான். வருஷத்தில் ஒரே ஒரு காலையில் அது ஒரு பகலும் ஓர் இரவும் குளிர்ந்து கிடந்த பிறகு, நேராகப் பாரத்தைத் தூக்கப் போகிறது. அப்படி ஒரு தொடக்கம் என்னிடமிருந்த ஆயிரக்கணக்கான பதிவுகளில் ஒன்றில்கூட இல்லை. குளிர்ந்த கை எப்படி நடந்துகொள்ளும் என்று எனக்குத் தெரியாது. ஒழுங்காகவே நடக்கலாம். தெரியாது, அவ்வளவுதான். அந்த ஒரு காலையில்தான் என் தம்பி கழுத்தில் மாலையோடு, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு அதன் முன்னால் நிற்கப் போகிறான்.

மறுநாள் மேனேஜரைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனிதர், சத்தம் போடாமல் பேசுவார். தசரா காலையில் வெள்ளோட்டம் விடுங்கள் என்றேன். சிரித்தார். “மேடம், முதலாளி வீட்டுப் பெரியம்மா கற்பூரத்தோட நிக்கறப்போ வெறுங்கையை ஆட்டிக் காட்டச் சொல்றீங்களா? என்னை வேலையை விட்டே தூக்கிடுவாங்க” என்று ஹிந்தியில் சொன்னார். அப்படியானால் ஒருநாள் நிறுத்திக் குளிரவைத்து, கூண்டோடு ஓட்டிப் பார்க்கலாம் என்றேன். மூன்று ஷிப்ட் ஓடுகிற லைனை எனக்காக ஒருநாள் நிறுத்துவதா என்று கேட்டு, டீ வரவழைத்துக் கொடுத்தார்.

பாஸ் இன்னொரு வழி சொன்னார். “வெள்ளோட்டத்துக்குப் பிறகு மட்டுமே செல்லும்னு ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டுடுங்க. நம்ம மேல பழி வராது.”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. “அந்த வரியை அவங்க மீறப் போற நாள் எதுன்னு எனக்குத் தெரியும் சார். யார் நிக்கப் போறாங்கன்னும் தெரியும். பழி வராம இருக்கறதுக்கா இத்தனை மாசம் உட்கார்ந்து எண்ணினேன்?”

அவர் வாதாடவில்லை. தசரா முடியும்வரை கூண்டு இருக்கட்டும், குளிர்ந்த தொடக்கத்தை அன்று பதிவு செய்வோம், அதற்குப் பிறகு பார்க்கலாம் என்று தொழிற்சாலைக்கு எழுதினார். கூண்டு இருந்தால் உள்ளே ஆள் நிற்க முடியாது. முதல் பீஸைக் கையில் வாங்குவதும் கிடையாது, மாலையும் கிடையாது. பெர்மனென்ட் பேச்சும் தள்ளிப்போயிற்று.

தம்பி அன்று மாலை வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்றான்.

“ஊர்ல உள்ளவன்லாம் அக்கா தம்பிக்கு வழி பண்ணுவா. நீ என் வயித்துல அடிக்க.”

“வயித்துல அது வந்து இடிச்சுரக் கூடாதுன்னுதாம்லே சொல்லுதேன்.”

“இத்தன மாசம் ஓடுச்சு, ஒரு தடவ தாண்டுச்சா? நீதான சொன்ன, பக்கான்னு?”

“குளுந்து கெடந்து ஓடுனத நான் பாக்கலலே.”

“பாக்காததையெல்லாம் நெனச்சுப் பயந்தா ரோட்டுலயே நடக்க முடியாது!” என்று கத்திவிட்டு அறைக்குள் போய்விட்டான்.

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “ஒரு பானச் சோத்துக்கு ஒரு சோறுதாண்டி பதம். நீ பான பானையா நசுக்கிப் பாத்துட்டே இன்னும் வேகலன்னு சொல்லுத” என்றாள்.

“அது நல்லாக் கெளறுன பானைக்கும்மா. அடுப்பு ஒரு பக்கமா எரிஞ்சா, வெந்த பக்கத்துலயே எத்தன சோத்த எடுத்துப் பாத்தாலும் வெந்துதான் இருக்கும்” என்றேன். அம்மாவுக்கு அது புரிந்தது என்றே நினைக்கிறேன். புரிந்ததனாலேயே இன்னும் கோபமாக உள்ளே போனாள்.

அன்றிலிருந்து தம்பி என்னோடு பேசவில்லை. ஒரே வீடு, ஒரே பாத்ரூம். “அம்மா, அவங்களக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லு” என்பான், நான் அவன் எதிரிலேயே நின்றுகொண்டிருப்பேன். ‘அவங்க’! எனக்கும் ரோஷம் இருந்தது, நானும் பேசவில்லை. ஆயுத பூஜைக்கு அம்மா மிக்ஸியையும் தையல் மெஷினையும் என் லேப்டாப்பையும் வரிசையாக வைத்துச் சந்தனம் தடவினாள். வருஷா வருஷம் தம்பி கொண்டுவந்து வைக்கும் ஸ்பேனர் செட் அந்த வருஷம் வரவில்லை.

விஜயதசமி காலையில் தொழிற்சாலைக்குப் போனேன். பதிவுக் கருவிகளை முந்தின நாளே பொருத்தியிருந்தோம். ஹத்திக்குச் செண்டுப்பூ மாலை சுற்றி, நெற்றியென்று ஒரு இடத்தைத் தீர்மானித்துக் குங்குமம் வைத்திருந்தார்கள். பெரியம்மா தேங்காய் உடைத்தார். தம்பி புதுச்சட்டையோடு கூண்டுக்கு வெளியே, கூட்டத்தில் ஒருவனாக நின்றான். என் பக்கம் திரும்பவில்லை. பெரியம்மா பட்டனை அமுக்கினார். கை எழுந்தது, கூட்டைத் தூக்கியது, திரும்பியது, மேஜையில் வைத்தது. வைத்த சத்தம்கூடக் கேட்கவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள்.

மேனேஜர் என் கையில் ஒரு பேடாவை வைத்தார். “பாத்தீங்களா மேடம், நம்ம யானை எவ்வளவு சாது!” சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாலையிலிருந்து உதிர்ந்த பூ கொஞ்சம் மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கமும் கிடந்தது. பூ பறக்கும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நானும் பேடாவைத் தின்றேன். அவமானமாகத்தான் இருந்தது.

மராத்திக்காரர்கள் தசராவுக்கு ஆப்டா இலையைத் தங்கம் என்று சொல்லி ஒருவருக்கொருவர் கொடுப்பார்கள், பழைய மனஸ்தாபத்தையெல்லாம் அதோடு விட்டுவிட வேண்டும் என்பது ஐதீகம். எங்கள் வீட்டிலும் அது எப்போதோ தொற்றிக்கொண்டது. தம்பி வீட்டுக்கு வந்து அம்மா கையில் இலையை வைத்துக் காலைத் தொட்டுக் கும்பிட்டான். எதிர்வீட்டுக்குப் போனான், வாட்ச்மேனிடம் போனான். எனக்குக் கொடுக்கவில்லை. நான் எதிர்பார்த்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றது அவனுக்குத் தெரியும்.

மறுநாள் அலுவலகத்தில் பதிவைத் திறந்தேன். கை திரும்பத் தொடங்கியதும் பின்தங்கியிருந்தது. கிரீஸ் கெட்டியாகியிருக்கலாம். விட்டதைப் பிடிக்கப் பெட்டி கூடுதலாக நெட்டித் தள்ளியிருக்கிறது. பாதி வழியில் பிடி இளகியதும் முழங்கை வெளியே வீசி, மஞ்சள் கோட்டை ஒரு கையகலம் தாண்டி, உடனே உள்ளே வந்துவிட்டது. கண்ணிமைக்கிற நேரம்கூட இல்லை. கூண்டைத் தொடவில்லை என்பதால் சத்தமும் இல்லை. அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தோம், ஒருவர் கண்ணிலும் படவில்லை.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் அந்த இடத்தில் நிற்க இருந்தது யார் என்று உறைத்தது. எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்து பாஸைக் கூப்பிட்டேன்.

தொழிற்சாலையில் அதைக் காட்டியபோது மேனேஜர் இரண்டு தடவை திரும்பக் காட்டச் சொன்னார். பெட்டிக்காரர்களை வரவழைத்துத் தள்ளுகிற வேகத்துக்கு ஒரு உச்சவரம்பு போடச் சொன்னார். கோட்டை இன்னும் தள்ளிப் போட்டார்கள். லைனை நிறுத்தக் கேட்டபோது இந்தத் தடவை டீ வரவில்லை, அனுமதி வந்தது. திரும்பத் திரும்பக் குளிரவைத்து ஓட்டிப் பார்த்தோம். அதெல்லாம் முடிந்து நான் கையெழுத்துப் போட்டதும், அடுத்த குடி பாட்வாவுக்கு, அதாவது மராத்தி வருஷப் பிறப்புக்கு, தம்பி பெர்மனென்ட் ஆனதும் பிறகு நடந்தவை. காலியாக ஓட்டக் கூடாது என்கிற சாஸ்திரத்துக்கு அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். இப்போது தசரா காலையில் ஹத்தியின் பிடியில் ஒரு தேங்காயை வைத்து வெள்ளோட்டம் விடுகிறார்கள். கை காலியில்லை, பெரியம்மாவுக்கும் திருப்தி.

ஆனால் நான் சொல்ல வந்தது தசராவுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி. மத்தியானம் அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். தொழிற்சாலைக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் அவனுக்குக் காட்ட வேண்டும் என்று பாஸிடம் சொல்லி அனுமதி வாங்கியிருந்தேன். லேப்டாப்பை அவன் முன்னால் வைத்து, ஒன்றும் பேசாமல் முழங்கை வெளியே வீசிய அந்த ஒரு வளைவைப் பெரிதாக்கிக் காட்டினேன்.

பார்த்துக்கொண்டே இருந்தான். அன்றைக்குத்தான் முதல் வார்த்தை வந்தது.

“இது எந்த எடம்?”

“நீ நிக்க இருந்த எடம்.”

பீஸ் வாங்குவதுபோல இரண்டு கையையும் முன்னால் நீட்டினான். பிறகு குனிந்து தன் விலாவைப் பார்த்தான். கையை மெதுவாக இறக்கினான்.

“நகந்திருப்பேன்” என்றான்.

“கழுத்துல மாலையோட, அத்தன பேரு பாக்கையில, நகந்திருப்பியாலே?”

அவன் திரையை மறுபடி பார்த்தான். சுவரில் பல்லி கத்தியது. கோபமே இல்லாமல், தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக மட்டும் கேட்டான்.

“ஒருவேள அது கோட்டுக்கு உள்ளயே நின்னுருந்தா, மறுநாளே கையெழுத்துப் போட்டுருப்பியா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். காசா பணமா!

“இல்லலே. தாண்டாதுன்னு சொல்ல ஒருதடவ ஒழுங்கா ஓடுனது பத்தாது. திரும்பக் குளுர வையிங்கன்னுதான் சொல்லியிருப்பேன்.”

“அவங்க முடியாதுன்னுருப்பாங்க.”

“ஆமா.”

“வேற எவனையாச்சும் வச்சுச் செஞ்சுக்கிட்டு என்னய வெரட்டியிருப்பாங்க.”

“ஆமா.”

“நான் சாவுத வரைக்கும் உன்கூடப் பேசியிருக்க மாட்டேன்க்கா.”

“தெரியும்” என்றேன். “தெரிஞ்சுதாம்லே போடல.”